மூன்று தங்குமிடங்களும் ஒரு மெத்தையும்

நத்தை ஒன்று ஓய்வெடுக்க வெளியூர் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் நண்டின் வளையைப் பார்த்தது. "இடம் அருமை. ஆனால் என் முதுகில் இருப்பதை எங்கே இறக்கி வைப்பது?" என்று கேட்டது. மரப்பொந்தில் இருந்த ஆந்தையிடமும் அதையே கேட்டது. பாம்பிடம் கேட்கப் போய், பதிலுக்குக் காத்திராமல் திரும்பியது. மூன்று நாள் ஊர்ந்த பிறகு வீடு வந்து சேர்ந்தது என்று கதையை முடிக்கலாம். ஆனால் அது வீட்டை விட்டு வெளியே போகவே இல்லையே!

அதியமான்கோட்டை மஸ்தான் பாய்க்கும் அந்த நத்தைக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான். நத்தைக்கு மனைவி இருந்ததாகத் தகவல் இல்லை.

மஸ்தான் பாய் நெடுஞ்சாலையோரம் முப்பத்தொரு வருடமாக இலவம்பஞ்சு மெத்தைக் கடை நடத்தி வருகிறவர். அவர் தைக்கும் ஒவ்வொரு மெத்தையின் மூலையிலும் ஒரு மஞ்சள் துணிப்பட்டை இருக்கும். அதில், "மஸ்தான் மெத்தை. பத்து ஆண்டுக்குள் பள்ளம் விழுந்தால் புது மெத்தை" என்று அச்சிட்டிருக்கும். இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூடப் பள்ளம் என்று திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. பள்ளம் விழுந்த மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தப் பேருந்தில் ஏறி அதியமான்கோட்டைக்கு வருவது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பெருமைப்படுகிறவர்கள் பொதுவாக அந்த இடத்தில் யோசனையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

அவருடைய மனைவி நசீம் பானு பாயில் படுப்பவர்.

ஏழ்மையினால் அல்ல. வீட்டுக்கென்று மஸ்தான் ஐந்து முறை மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து முறையும் கல்யாண அவசரத்தில் யாராவது வந்து நிற்பார்கள். கடையில் சரக்கு இருக்காது. வீட்டு மெத்தை வண்டியேறிவிடும். ஐந்தாவது மெத்தை போனபோது நசீம் பானு அதன் மேல் மதியத் தூக்கத்தில் இருந்தார். "பானு, கொஞ்சம் எந்திரி. மாப்ள வூட்டுக்காரங்க வந்திருக்காங்க," என்று மஸ்தான் எழுப்பினார். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு 'எந்திரி' என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாகத் தலையணையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆண்டு கல்யாண நாளுக்கு ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் அன்ஜும் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, இந்தத் தடவ நீங்களும் அப்பாவும் எங்கியாச்சும் போய் ஒரு நாள் தங்கறீங்க. நம்ம ஜில்லாவுலயே மூணு இடம் பாத்து அனுப்பியிருக்கேன். எதுன்னு சொல்லுங்க."

நசீம் பானு அந்தப் பட்டியலை நான்கு நாள் ஆராய்ந்தார். மளிகை எழுதும் நோட்டில் கோடு போட்டு, ஜன்னல், குளியலறை, தேநீர் என்று தலைப்பிட்டு எழுதினார். பிறகு கணவரின் எதிரில் வந்து அமர்ந்தார்.

"ஏங்க, இருவத்தொம்பது வருஷமாச்சு. மெத்தைக்காரர் பொண்டாட்டி பாயில படுத்துக் கெடக்கறேன். நான் வைரமா கேட்டேன்?"

"இப்ப என்ன வேணுங்கற, பானு?"

"ஒரே ஒரு ராத்திரி. ஜன்னல் இருக்கணும். ஜன்னலுக்கு வெளிய நம்ம கடை போர்டு தெரியக்கூடாது. காலையில யாராச்சும் டீ கொண்டாந்து குடுக்கணும். அது நானா இருக்கக்கூடாது. முக்கியமா, மெத்தையில படுத்தா 'எந்திரி'ன்னு யாரும் சொல்லக்கூடாது. நீங்க சொல்லவே கூடாது."

"சரி, சொல்லல."

"இத என் கையில அடிச்சுச் சொல்லுங்க. இதுதான் கடைசியா கேக்கறது. இது நடக்கலேன்னா இனிமே எதுவுமே கேக்க மாட்டேன்."

மஸ்தான் பாய் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கடைசிச் சொற்கள் அவருக்குக் கலக்கத்தைக் கொடுத்தன. கேட்டுக்கொண்டே இருக்கும் மனைவியோடு பழகியவருக்குக் கேட்காத மனைவி என்பது, பஞ்சு அடிக்கும் சத்தம் நின்றுபோன கடையைப் போன்றது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்.

நோட்டு விரிந்தது.

"மொதல்ல ஒகேனக்கல். ரெண்டாவது மாடி. ஜன்னல்ல நின்னா ஆத்துச் சத்தம் கேக்கும்."

"மெத்தை?"

"அது போடல. அடுத்தது வத்தல்மலை. காபித் தோட்டத்துல கூடாரம். மேகம் கைக்கு எட்டுமாம்."

"மெத்தை?"

"மெத்தை இல்லீங்க. தூங்கறதுக்கு ஒரு பை குடுப்பாங்களாம். உள்ள பூந்து ஜிப்பு போட்டுக்கணும்."

"மனுசன மூட்டையில போட்டுத் தைக்கறதா? ஊருக்கே தைக்கறவன் நான், என்னையே தைப்பாங்களா?"

வத்தல்மலை அடிக்கப்பட்டது.

"மூணாவது, ஏரியூர்கிட்ட தெரசான்னு ஒரு சிஸ்டரு வூடு. ரிட்டயர் ஆன நர்ஸு. தென்னந்தோப்பு, எதுக்கால காவேரித் தண்ணி தேங்கி நிக்குது. மறக்கவே முடியாத எடம்னு பதினேழு பேரு எழுதியிருக்காங்க. ஒருத்தரு, 'மூணு மாசமாச்சு, இன்னும் நெனப்பு போகல'ன்னு எழுதியிருக்காரு."

"மெத்தை?"

நசீம் பானு நோட்டை மூடினார். முதலில் ஒகேனக்கல், அது சரிப்படாவிட்டால் ஏரியூர் என்று முடிவாயிற்று.

மஸ்தானுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பிறர் தைத்த மெத்தையில் தன் மனைவியைப் படுக்க வைப்பது அவருக்கு, சமையற்காரர் தன் வீட்டாருக்கு ஓட்டலில் பார்சல் வாங்கிக் கொடுப்பது போல் பட்டது. நான்கு நாளில் புதிதாக ஒரு மெத்தை தைத்தார். இரண்டு பேர் தாராளமாகப் புரளும் அகலம். பச்சைக் கோடு போட்ட உறை. மூலையில் மஞ்சள் பட்டை. சனிக்கிழமை காலை அதைத் தம் சரக்கு வண்டியின் மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்.

"எதுக்குங்க இது? லாட்ஜுல மெத்தை இருக்காதா?"

"இருக்கும். யாரு தச்சாங்களோ! இது உனக்குத்தான். ஆறாவது."

நசீம் பானுவுக்கு மகிழ்ச்சி வந்தது. முந்தைய ஐந்தும் நினைவுக்கு வர, சந்தேகமும் வந்தது. "வழியில இத வித்தீங்கன்னா நான் அங்கியே எறங்கி பஸ் ஏறிடுவேன்."

"நான் விப்பேனா?"

பென்னாகரத்தில் வேகத்தடை அருகே மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கூடவே வந்து, "பாய், மெத்தை எவ்வளவுங்க?" என்று கேட்டார். மஸ்தானின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. பக்கத்து இருக்கையிலிருந்து நசீம் பானு எட்டி ஹாரனை அழுத்தி, அந்த ஊரைத் தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.

ஒகேனக்கல் விடுதியின் மேலாளர் பிரபாகர் நல்ல மனிதர். அறையைத் திறந்து காட்டினார். ஜன்னலைத் திறந்து ஆற்றின் ஓசையையும் காட்டினார். நசீம் பானு ஜன்னலோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் 'டர்ர்' என்று ஓர் ஒலி கேட்டது. அது ஆற்றின் ஓசை அல்ல. மஸ்தான் பாய் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் கோணூசியால் விடுதி மெத்தையின் தையலைப் பிரித்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்திருந்தார்.

"பிரபாகர் சார், இத இலவம்பஞ்சுன்னா சொன்னாங்க?"

"பாய்! என்ன பண்றீங்க?"

"இதப் பாருங்க, ஊதா நூலு. இது சிவப்பு. இதெல்லாம் பனியன் கம்பெனி வேஸ்ட்டுங்க. அடப் பாவமே, இதுல பொத்தானே கெடக்குது."

"நீங்க ரூம் எடுக்க வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. "எங்க ரூமையும் கொஞ்சம் பாருங்க பாய்," என்றார் கடத்தூரிலிருந்து வந்த ஒருவர். கால் மணி நேரத்தில் நான்கு அறை மெத்தைகளின் வயிறு பிரிந்து, தாழ்வாரம் முழுவதும் பலவண்ண நூல் பறந்தது. பிரபாகர் தும்மிக்கொண்டே தலையில் கை வைத்தார்.

"கவலப்படாதீங்க சார், எனக்கு உங்க மெத்தை வேண்டாம். நான் கொண்டாந்திருக்கேன்," என்று மஸ்தான் கீழே போனார்.

பெரிய மெத்தை முதல் மாடிவரை ஏறிற்று. இரண்டாவது மாடிக்குப் படி திரும்பும் இடத்தில் நின்றது. தள்ளினால் மேலே போகவில்லை. இழுத்தால் கீழே வரவில்லை. மேலே மாட்டிக்கொண்டவர்களுள் நசீம் பானுவும் ஒருவர். பரிசலுக்குப் புறப்பட்ட குடும்பம் ஒன்று அவருக்குப் பின்னால் நின்றது. மீன் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கீழே நின்றார்கள். வறுவலின் வாசனை மட்டும் மெத்தையைத் தாண்டி மேலே போயிற்று.

"மடக்குங்க பாய்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"மடங்காதுங்க. மடங்கினா அது மெத்தையா?" என்றார் மஸ்தான். நெருக்கடியிலும் அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

"நல்ல கெட்டியா இருக்குதே. என்ன வெலைங்க?" என்று கீழிருந்து வறுவல்காரர்களில் ஒருவர் அழுத்திப் பார்த்தார்.

"நான் ஒரு நூறு சேத்தே குடுக்கறேன், மொதல்ல வழிய விடுங்க," என்றார் மேலிருந்த பரிசல் குடும்பத்தார்.

"ஏங்க!" மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து நசீம் பானுவின் குரல் வந்தது. "எனக்கு இங்கிருந்து உங்க மூஞ்சி தெரியல. ஆனா வாயத் தொறக்கறீங்கன்னு தெரியுது."

திறந்த வாய் மூடிற்று. ஆறு பேர் சேர்ந்து உதைத்ததில் மெத்தை கீழே சரிந்தது. மஸ்தான் பாய் அதற்கு முன்னால் சரிந்தார். பிரபாகர் கைகூப்பி வழியனுப்பி வைத்தார். "பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஊருக்குப் போய் எங்களப் பத்தி எதுவும் எழுதாதீங்க."

வண்டியில் ஏறியதும் நசீம் பானு கையை நீட்டினார். மஸ்தான் கோணூசியை எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய கைப்பைக்குள் போயிற்று.

படியில் உருண்ட முதுகுக்கு ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்க்கும் மாரப்பனிடம் வைத்தியம் நடந்தது. தேய்த்துக்கொண்டே மாரப்பன் கேட்டார்: "அடுத்து எங்க தங்கறீங்க பாய்?"

"ஏரியூர்ல, தெரசா சிஸ்டர் வூட்டுல."

"ஒண்ணாம் நம்பர் ரூமா?"

"ரெண்டாம் நம்பரு. அதுதான் காலின்னு அன்ஜும் சொல்லிச்சு."

"தப்பிச்சீங்க. ஒண்ணாம் நம்பர்ல தங்கினவங்க நேரா என்கிட்டதான் வர்றாங்க. இங்க பாருங்க, முதுகுல இந்த எடத்துல ஒரு கோடு இருக்கும். முதுகப் பாத்தே நான் ஊரச் சொல்லிடுவேன்."

மஸ்தானுக்கு அது விளங்கவில்லை. வலியில் இருப்பவருக்குப் பிறர் முதுகைப் பற்றி அக்கறை இருப்பதில்லை.

ஏரியூருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தெரசா முப்பது வருடம் மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஓய்வு பெறவில்லை. விருந்தினரைப் பதிவேட்டில் எழுதுமுன் நாடி பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நாடி வேகமா அடிக்குது. சண்டையா?"

"லாட்ஜு சிஸ்டர்," என்றார் நசீம் பானு.

"ம். பெட் நம்பர் ரெண்டு. காலையில ஆறரைக்கு டீ வரும். எந்திரிச்சு வர வேண்டாம், நானே கொண்டாந்து குடுப்பேன்."

நசீம் பானு தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் அறை தரைத்தளத்தில் இருந்தது. படியும் இல்லை, திருப்பமும் இல்லை. "மெத்தைய எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டா ஊருக்கு வருவாங்க?" என்று தெரசா முணுமுணுத்தபடி சமையலறைக்குப் போனார். அங்கிருந்த ஒல்லி மெத்தையைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மஸ்தான் தம்முடையதைக் கட்டிலில் விரித்தார். அளவெடுத்தது போல் பொருந்திற்று. ஜன்னலுக்கு வெளியே தென்னைகளும், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் அசையாத தண்ணீரும், அதில் கழுத்தளவு நின்று யோசித்துக்கொண்டிருந்த மூன்று எருமைகளும் தெரிந்தன. கடைப் பலகை எதுவும் தெரியவில்லை.

"சும்மா பதம் பாக்கறேன்," என்று நசீம் பானு கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தார். மஸ்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அந்த அம்மாள் தூங்கிப்போயிருந்தார்.

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த தெரசா கட்டிலைப் பார்த்தார். மூலையில் தொங்கிய மஞ்சள் பட்டையைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை மேசைமேல் வைத்துவிட்டு, மஸ்தானின் சட்டைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்தார்.

"நீங்கதான் அந்த மஸ்தானா?"

"ஆமாங்க சிஸ்டர்," என்றார் அவர், புகழ்ச்சியை எதிர்பார்த்து.

"ஒண்ணாம் நம்பருக்கு வாங்க."

முதல் அறையில் கிடந்ததும் மஸ்தான் மெத்தைதான். மஞ்சள் பட்டை வெளுத்திருந்தது, எழுத்து அழியவில்லை. மெத்தையின் நடுவே ஒரு பள்ளம். கோழி ஒன்று அதைப் பார்த்திருந்தால் மறுபேச்சின்றி அடைகாக்க உட்கார்ந்திருக்கும்.

"எட்டு வருஷம் பத்து மாசம். பில்லு வெச்சிருக்கேன். உங்க பட்டையில என்ன போட்டிருக்குது? சத்தமாப் படிங்க."

மஸ்தான் படித்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த வாசகத்தை அவர் இவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

"நாளைக்கே கடையிலிருந்து புதுசு அனுப்பிடறேன் சிஸ்டர்."

"ஆறு மணிக்கு சேலத்துல இருந்து புருசன் பொண்டாட்டி இந்த ரூமுக்கு வர்றாங்க. அந்தாளுக்கு ஏற்கெனவே முதுகு வலியாம், ரெண்டாம் நம்பரோட ஒல்லி மெத்தை ஆகாது. புது மெத்தைய வண்டியிலயே கொண்டாந்து விரிச்சுட்டு, அனுப்பறேன்னா என்ன அர்த்தம்? போய் அந்தம்மாவ எழுப்புங்க."

மஸ்தான் இரண்டாம் அறை வாசலுக்குப் போனார். தொழிலில் கொடுத்த வாக்கு அவரைத் தள்ளிற்று. வாய் திறந்தது. 'எந்திரி' என்ற சொல் பழக்கப்பட்ட மாடு போலத் தொண்டைவரை தானே நடந்துவந்து நின்றது. நசீம் பானு ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு கை மட்டும் மெத்தையின் மூலையை மஞ்சள் பட்டையோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தது, கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடிப்பது போல. ஐந்து முறை எழுப்பப்பட்டவரின் கை அது.

அவர் வாயை மூடிக்கொண்டு தாழ்வாரத்துக்குத் திரும்பினார்.

"முடியாதுங்க சிஸ்டர்."

"அப்ப உங்க வார்த்தை?"

"உங்களுக்குக் குடுத்ததும் என் வார்த்தைதான். அவளுக்குக் குடுத்ததும் என் வார்த்தைதான். வார்த்தை ரெண்டு, மெத்தை ஒண்ணுதான இருக்குது. எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க. இந்தப் பள்ளத்த எடுத்துக் காட்டறேன். நாளைக்குப் புதுசும் வந்துடும்."

தெரசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஊசி?"

மஸ்தான் சட்டைப் பையைத் தடவினார். ஊசி கைப்பையில் இருந்தது. கைப்பை தலைக்கடியில் இருந்தது. தேங்காய் மூட்டை தைக்கத் தெரசா வைத்திருந்த கோணூசி உதவிற்று.

மெத்தையைத் தோப்புக்குத் தூக்கிவந்து, பாய் விரித்து, நீளவாக்கில் தையலைப் பிரித்தார். தெரசா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். "மெதுவா. நேரா வெட்டுங்க. அங்க முடிச்சு இருக்குது." பஞ்சு இருபுறமும் ஒதுங்கிக் கிடந்தது. போலீஸ்காரர் நுழைந்த பேருந்து நிலையத்தில் கூட்டம் விலகுவது போல, எதையோ நடுவில் விட்டு விலகியிருந்தது. மஸ்தான் கையை விட்டார். இரும்பு தட்டுப்பட்டது.

வெளியே வந்தது ஒரு கத்திரிக்கோல். முழங்கை நீளம். கைப்பிடியில் 'ம' என்று பொறித்திருந்தது.

மஸ்தான் பாய் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அந்தக் கத்திரிக்கோலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒன்பது வருடம் ஆகப்போகிறது, கடையில் அது காணாமல் போயிற்று. அன்று கடைக்கு வந்திருந்தவர் நசீம் பானுவின் தம்பி சோஹைல் மட்டுமே. "கத்திரியப் பாத்தியா மச்சான்?" என்று மஸ்தான் கேட்டார். கேள்வியில் தவறில்லை, கேட்கும்போது சோஹைலின் பையைப் பார்த்ததுதான் தவறு. கடத்தூரில் வாழை மண்டி வைத்திருக்கும் சோஹைல் அன்றிலிருந்து மாமன் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தெரசா கத்திரிக்கோலை வாங்கித் தம் முதுகோடு வைத்து அளந்து பார்த்தார். "மழைக்காலத்துல நான் இதுலதான் படுப்பேன். இந்த எடத்துலதான் குத்தும். எலும்புத் தேய்மானம்னு எட்டு வருஷமா நானே எனக்கு மாத்திர எழுதிக்கிட்டேனே!"

"அந்தப் பதினேழு பேரும்?" என்றார் மஸ்தான் மெல்ல.

"மறக்கவே முடியலன்னு எழுதினாங்க. தண்ணியப் பாத்துட்டு எழுதறாங்கன்னு நெனச்சேன்."

மஸ்தான் கைபேசியை எடுத்தார். நெடுநேரம் அடித்த பிறகு மறுமுனையில், "யாருங்க?" என்று ஒரு குரல் வந்தது. எண் பதிந்திருந்தும் அப்படிக் கேட்கும் உரிமை சோஹைலுக்கு இருந்தது.

"மச்சான், நான்தான். கத்திரி கெடச்சிடுச்சு."

"எங்கிருந்துச்சு?"

"ஏரியூர்ல. ஒரு மெத்தைக்குள்ள. நானே வெச்சுத் தச்சுட்டேன்."

மண்டியில் வாழைத்தார் விழுவது போலச் சிரிப்பு வந்தது. அது அடங்க வெகுநேரமாயிற்று.

"அப்ப பஞ்சு அடிக்கற அந்த அடிக்கோலு? அதும் காணோம்னு என்னையத்தான பாத்தீங்க?"

"அது எந்த வூட்டுல யாரு முதுகுல கெடக்குதோ, மச்சான்."

"அக்கா எங்க?"

"தூங்கறா."

"எழுப்புங்க, நான் பேசணும்."

"எழுப்ப மாட்டேன்," என்றார் மஸ்தான், இப்போது சற்று எளிதாக.

பஞ்சை உதறி, பிரித்து, கம்பால் அடித்து, மறுபடி நிரப்பினார். மூடித் தைக்கும்போது தெரசா குனிந்து பார்த்தார். "சின்னச் சின்னத் தையலாப் போடுங்க. தழும்பு தெரியக்கூடாது." ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவரே அதன் மேல் படுத்து, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை புரண்டு, "டிஸ்சார்ஜ் பண்ணலாம்," என்று சான்றளித்தார். பிறகு மகிழ்ச்சி தாங்காமல் தோழி அமுதவல்லிக்குப் போன் போட்டார். "அமுதா, உன் வூட்டுலயும் பள்ளம் பள்ளம்னியே. அந்த மஞ்சப் பட்டைக்காரரு எங்க வூட்டுலதான் இருக்காரு. நாளைக்குக் காலையில வரைக்கும் இருப்பாரு."

ஏரியூரில் அமுதவல்லிக்குத் தெரிந்தது ஏரியூருக்கே தெரிந்தது.

காலை ஆறரைக்கு டீ வந்தது. நசீம் பானு அதற்குள் எழுந்திருக்கவில்லை. கணக்கிட்டால் பதினைந்து மணி நேரம். கணக்கிடும் துணிச்சல் மஸ்தானுக்கு இல்லை. அவர் கீழே பாயில் படுத்திருந்தார். டீயை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே ஏதோ முணுமுணுப்பாகக் கேட்கிறதே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

தண்ணீர் தெரியவில்லை. எருமைகள் தெரியவில்லை. தென்னைக்கும் ஜன்னலுக்கும் இடையில் மெத்தைகள் நின்றுகொண்டிருந்தன. மொபட்டில் கட்டிய மெத்தை, மாட்டு வண்டியில் மெத்தை, தலையில் மெத்தை. அமுதவல்லி தம்முடையதைத் தரையில் போட்டு அதன் பள்ளத்திலேயே உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். முனிராஜ் என்ற டிராக்டர்க்காரர் இரண்டு மெத்தை கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரு மூலையில் மஞ்சள் பட்டை காற்றில் ஆடிற்று. முப்பத்தொரு வருடத்துப் பெருமை வரிசையில் நின்றது.

பின்னால் மெத்தை அசையும் ஒலி கேட்டது. நசீம் பானுவின் கண்கள் பாதி திறந்திருந்தன. கை மூலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஏங்க, என்ன சத்தம்? யாராச்சும் வந்திருக்காங்களா? எந்திரிக்கட்டுமா?"

மஸ்தான் பாய் ஜன்னல் கதவை ஓசையின்றிச் சாத்தினார். நேர்மையானவர், வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம்.

"யாரும் வரல பானு. டீ இருக்குது, குடிச்சுட்டுப் படு."

அந்த அம்மாள் டீயைப் படுத்தபடியே, தலையை மட்டும் தூக்கிக் குடித்தார். இருபத்தொன்பது வருடத்தில் பிறர் கையால் வந்த முதல் காலைத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் குறைவு. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. டம்ளரை நீட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். சிறிது நேரத்தில் கை மெத்தையின் மூலையை விட்டுவிட்டது.

மஸ்தான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, கதவை மெல்ல மூடி, தோப்புக்குள் வந்தார். அவரைக் கண்டதும் முனிராஜ், "யோவ் பாய்! பத்து வருஷம்னு..." என்று தொடங்கினார்.

மஸ்தான் உதட்டில் விரலை வைத்தார். மற்றொரு கையால் மூடிய ஜன்னலைக் காட்டினார்.

முனிராஜ் ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். பிறகு, அந்த டிராக்டர்க்காரரின் வாழ்க்கையில் ஒருமுறையும் வெளிப்பட்டிராத மெல்லிய குரலில், "பத்து வருஷம்னு போட்டிருக்குதுங்களே பாய்," என்றார்.

வரிசையில் இருந்த அனைவரும் அதே போலக் கிசுகிசுப்பாகத் தங்கள் பள்ளங்களைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். மஸ்தான் பாய் முதல் மெத்தையை வாங்கி, அடிக்கோல் ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, சத்தம் வராமல் தையலைப் பிரித்தார்.